தூண்டிலும் தலைமுறையும்

ஒருவர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் முதுசொம் பலவகைப்படும். காணியும் வீடும் உறுதி எழுதிக் கொடுக்கப்படுகின்றன. ஏட்டுக்கல்வி பாடசாலையிலே கொடுக்கப்படுகின்றது. தொழில், பட்டறையிலும் வயலிலும் பழக்கத்தால் வருகின்றது. ஆனால், ஒன்றின்மீது ஒருவர் வாழ்நாள் முழுவதும் கொண்டிருந்த விருப்பம், அவருக்குப் பின்னும் அற்றுப்போகாமல் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் எவ்வாறு சென்று சேர்கின்றது? விருப்பத்துக்கு உறுதி எழுத இயலாது. அதற்குப் பாடத்திட்டம் இல்லை. கட்டளையிட்டும் அதனை ஊட்ட முடியாது. கட்டளையிட்டால் உள்ள விருப்பமும் ஓடிவிடும் என்பதைப் பெற்றோர் அனைவரும் அறிவர்.

இந்த வினாவுக்கு விடை தேடுவோர் பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலே, ஏரிக்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக நடைபெற்றுவரும் ஓர் எளிய பழக்கத்தை நோக்கினால் போதும். அது தூண்டிலிட்டு மீன் பிடித்தல்; சிறப்பாக, 'கிராப்பி' என்னும் சிறு மீனைப் பிடித்தல்.

கிராப்பி நம் குளங்களில் இல்லாத மீன். வட அமெரிக்காவே அதன் தாயகம். நன்னீரில் வாழும் 'சூரியமீன்' குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் வெள்ளைக் கிராப்பி, கருங்கிராப்பி என இருவகைப்படும். இரண்டும் பக்கவாட்டில் தட்டையான, வெள்ளி போன்ற உடலை உடையவை. வெள்ளைக் கிராப்பியின் உடலில் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கும். கருங்கிராப்பியின் உடலிலோ கரும்புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். ஐயம் நேர்ந்தால் முதுகுச் செட்டையின் முட்களை எண்ணிப் பார்ப்பர். ஆறுக்கு மேற்படாவிடின் அது வெள்ளை. ஏழோ எட்டோ இருப்பின் அது கருப்பு. லூயிசியானா மாநிலத்திலே பிரெஞ்சு வழிவந்த மக்கள் இதனைப் 'பாற்பை' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். வேறு சில இடங்களில் இதற்குக் 'காகித வாயன்' என்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்பெயரின் காரணத்தைப் பின்னர் காண்போம்.

உருவத்தால் இது பெருமைப்படத்தக்க மீன் அன்று. கரைக்கு வருவனவற்றுள் பெரும்பாலானவை ஓர் இறாத்தலுக்கும் குறைந்த நிறையுடையவை. மிசிசிப்பி மாநிலத்தின் ஈனிட் அணைக்கட்டருகே 1957ஆம் ஆண்டிற் பிடிக்கப்பட்ட வெள்ளைக் கிராப்பி ஒன்று 5 இறாத்தல் 3 அவுன்சு நிறையுடையதாக இருந்தது. அவ்வினத்தில் உலக சாதனையாகப் பதிவாகியிருப்பது அதுவே. கடலிலே நூற்றுக்கணக்கான இறாத்தல் நிறையுள்ள மீனுடன் மல்லுக்கட்டும் வீரருக்கு இது ஒரு விளையாட்டாகவே தோன்றாது. அவ்வாறிருந்தும், இலட்சக்கணக்கான அமெரிக்கர் இளமை தொட்டு முதுமை வரை இச்சிறு மீனின் பின்னே செல்கின்றனர். ஏன்?

முதற் காரணம், இம்மீன் ஏழைக்கும் எட்டுவது. இதனைப் பிடிக்கப் படகு கட்டாயமன்று. விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியதில்லை. நீண்ட மூங்கிற்கோல் ஒன்று, அதன் நுனியிற் கட்டிய நூல், ஒரு சிறு முள், ஓர் ஈயக்குண்டு, ஒரு மிதப்பு, இரையாக உயிருள்ள ஒரு சிறுமீன் ஆகிய இவ்வளவே தேவை. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டியபொழுது, தென்மாநிலக் குடியானவர் பலருக்குத் தூண்டில் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. மாலைச் சாப்பாட்டுக்கான வழியாகவும் இருந்தது. கிராப்பியின் சதை வெண்மையானது, மென்மையானது. சோளமாவிற் புரட்டிப் பொரித்தெடுக்கப்படும் அம்மீன் இன்றும் தென்மாநில வீடுகளில் விருந்தாக விளங்குகின்றது.

இரண்டாவது காரணம், இம்மீன் சிறுவருக்கும் அகப்படுவது. இளவேனிற் காலத்தில், நீரின் வெப்பம் ஏறத்தாழ 60 பாகை பரன்ஹீற்றைத் தாண்டி உயரும்பொழுது, கிராப்பிகள் ஆழத்தை விட்டுக் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வருகின்றன. ஆண்மீன் ஒரு குழியைத் துப்புரவு செய்து கூடமைக்கும்; பெண்மீன் முட்டையிட்டு அகன்றபின், முட்டைகளையும் அவற்றினின்று வெளிப்படும் குஞ்சுகளையும் காவல் செய்வது ஆண்மீனே. கரையிலே 'டொக்வூட்' மரங்கள் வெள்ளைப்பூப் பூக்கும் காலமும் அதுவே. ஆதலின், நாட்காட்டியைப் பாராமல் மரத்தைப் பார்த்தே தூண்டிலை எடுக்கும் பெரியவர்கள் அங்கு உளர். கிராப்பி கூட்டமாக வாழும் இயல்பினது. ஒன்று அகப்பட்ட இடத்தில் இன்னொன்றும் அகப்படும். நெடுநேரம் காத்திருக்கப் பொறுமையில்லாத ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட ஏற்ற மீன் வேறு எது?

நீரின்மேல் நிற்கும் அந்த மிதப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நீருக்கடியில் என்ன நிகழ்கின்றது என்பதை அது பிள்ளைக்கு அறிவிக்கின்றது. அது அசைவற்று நிற்கும், ஒருமுறை துடிக்கும், பக்கவாட்டில் நகரும், பின்பு மெல்ல அமிழ்ந்து மறையும். சில வேளைகளில் அமிழாமற் சாய்ந்து படுத்துவிடுவதும் உண்டு. கிராப்பி கீழிருந்து மேல்நோக்கி வந்து இரையைக் கவ்வும் மீன். கவ்வியபின் இன்னும் மேலெழுமாயின் நூல் தளர்ந்து மிதப்புச் சாய்ந்துவிடும். இதனாலேயே, மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலாக இரையை நிறுத்த வேண்டும் என்று பெரியவர்கள் கூறுவர். கீழே போட்ட இரை எவ்வளவு நல்லதாயினும் கிராப்பி அதனைக் காணாது.

மிதப்பு மறைந்ததும் பிள்ளை பதற்றத்துடன் கோலைச் சடாரென்று இழுக்கின்றது. முள் மட்டும் திரும்பி வருகின்றது. இங்கேதான் 'காகித வாயன்' என்னும் பெயரின் காரணம் புலப்படுகின்றது. இம்மீனின் வாயைச் சுற்றியுள்ள தோல் காகிதம் போல் மெல்லியது; வலிந்து இழுத்தால் கிழிந்துவிடும். வலிமையுள்ளவன் வெல்வான் என்று எண்ணிய பிள்ளைக்கு, மென்மையாக உயர்த்துபவனுக்கே மீன் கிடைக்கும் என்ற பாடத்தை அம்மீனே கற்பிக்கின்றது. இரண்டு மீன்களை இழந்தபின் மூன்றாவது மீனைப் பிள்ளை தானாகவே மெல்லத் தூக்கும். நூறு தடவை வாயாற் சொல்லியும் வாராத அடக்கம், இரண்டு மீன்கள் தப்பியதால் வந்துவிடுகின்றது.

அப்படியாயின் பெரியவரின் வேலை என்ன? அவர் செய்யவேண்டியது மிகக் கடினமான ஒன்று. தம்முடைய தூண்டிலைக் கீழே வைத்துவிட வேண்டும். பிள்ளையின் நூல் மரக்கிளையிற் சிக்கும், அவிழ்க்க வேண்டும். இரைமீன் கையிலிருந்து வழுவும். மீண்டும் கோத்துக் கொடுக்க வேண்டும். அரைமணி நேரத்தில் பிள்ளைக்குப் பசிக்கும், பின்பு கரையிலுள்ள தவளையைத் துரத்தும், நீரிற் கல்லெறியும். மீன் கடிக்கும் நல்ல வேளை அவ்வாறே கழிந்துபோகும். தாம் பிடிக்கவேண்டிய மீன்களின் எண்ணிக்கையிலே கண்ணுடையவர் அன்றே சினங்கொள்வார். பிள்ளை மறுமுறை வாராது. பிள்ளை மறுமுறையும் வரவேண்டும் என்பதிலே கண்ணுடையவர் தம் வேட்டையை மறந்து சிரிப்பார். விருப்பம் வேரூன்றுவதும் பட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

இதற்கு நல்ல சான்று, அமெரிக்காவின் 39ஆவது ஜனாதிபதியாக 1977 முதல் 1981 வரை பதவி வகித்த ஜிம்மி காட்டரின் இளமைக் காலம். 1924ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், அதனை அடுத்துள்ள ஆச்சரி என்னுமிடத்துப் பண்ணையிலே நிலக்கடலைக்கும் பருத்திக்கும் நடுவில் வளர்ந்தார். மீன்பிடித்தலும் காடுமேடு திரிதலும் தம் வாழ்வில் வகித்த இடத்தை 1988ஆம் ஆண்டில் ஒரு தனி நூலாகவே எழுதினார். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது இளமைக்கால வரலாற்று நூலிலும் அந்த ஓடைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன.

அவருக்குத் தூண்டிலைப் பழக்கியவர்களுள் இருவர் சிறப்பாக நினைக்கத்தக்கவர்கள். ஒருவர் றேச்சல் கிளாக் என்னும் கறுப்பினப் பெண்மணி. அவருடைய கணவர் காட்டர் குடும்பத்தின் பண்ணையில் வேலை செய்தவர். அவரும் வயல்வேலையிற் பெயர்பெற்றவர். வேலை ஓய்ந்த நாட்களில் அவ்வம்மையார் மூங்கிற்கோல்களுடன் ஓடைக்கு நடப்பார். வெள்ளைக்காரச் சிறுவன் அவருக்குப் பின்னே நடப்பான். எந்த மரநிழலில் மீன் நிற்கும், எந்தச் சுழியில் நிற்காது என்பதோடு, பறவையையும் செடியையும் நீரையும் காக்கும் கடமை மனிதனுக்கு உண்டு என்பதையும் அவ்வழிநடையிலே சிறுவன் கேட்டறிந்தான்.

அக்காலத்து ஜோர்ஜியாவின் நிலைமையை இங்கு மறத்தலாகாது. கறுப்பினத்தவருக்கு வேறு பாடசாலை, வேறு கோயில், புகைவண்டியில் வேறு இருக்கை எனச் சட்டமும் வழக்கமும் மனிதரைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. வாக்குரிமையும் பெரும்பாலோருக்கு எட்டாதிருந்தது. அத்தகைய நாட்டிலே, பள்ளிக்கூடத்தில் அச்சிறுவனுக்குப் பாடஞ்சொல்ல அனுமதிக்கப்படாத ஒருவர், ஓடைக்கரையிலே அவனுக்கு ஆசிரியராக இருந்தார். தமது இளமையை உருவாக்கிய, குடும்பத்துக்கு வெளியேயுள்ள பெரியோரை எண்ணிப் பார்த்த காட்டர், அவர்களுட் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரே என்பதையும், றேச்சல் அம்மையார் அவர்களுள் ஒருவர் என்பதையும் முதுமையில் நன்றியுடன் எழுதினார். 1971ஆம் ஆண்டு ஜோர்ஜியாவின் ஆளுநராகப் பதவியேற்ற அன்றே, இனப்பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என அவர் வெளிப்படையாக அறிவித்தார். அந்த அறிவிப்பின் காரணங்கள் பல. தூண்டிலே அதனைச் செய்தது என்று கூறுதல் மிகையாகும். எனினும், மதிக்கக் கற்றுக்கொண்ட ஒரு மனிதரின் பின்னே நடந்து பழகிய பிள்ளைக்கு, அவரைத் தாழ்ந்தவர் என்று நம்புதல் எளிதன்று.

மற்றவர் அவருடைய தந்தையார். அவர் கண்டிப்பானவர், பிழையை இலேசாகப் பொறுப்பவர் அல்லர். அவர் நண்பர்களுடன் ஜோர்ஜியாவின் தென்பகுதியிலுள்ள சிறிய சட்டில்லா ஆற்றுக்கு மீன்பிடிக்கச் செல்வதுண்டு. காட்டர் பத்து வயதளவில் இருந்தபொழுது தந்தையார் அவரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே அகப்படுபவை கிராப்பிக்கு உறவான சூரியமீன்கள். ஆற்றிலே இறங்கி நின்று தூண்டிலிடும் அவர்கள், பிடித்த மீன்களை ஒரு கயிற்றிற் கோத்து நீரிலேயே மிதக்கவிடுவர். தந்தையார் தமது மீன்களையும் மகனிடம் ஒப்படைத்தார். சிறுவன் கயிற்றைத் தன் இடுப்புப் பட்டியின் வளையத்திற் கட்டிக்கொண்டு, பெரியவனுக்குரிய பொறுப்பைப் பெற்ற பெருமையோடு தூண்டிலில் ஆழ்ந்துபோனான். பிறகு தொட்டுப் பார்த்தபொழுது கயிறு இல்லை. நீரோட்டம் அதனை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. இருவரின் அன்றைய உழைப்பும் ஆற்றோடு போயிற்று.

சிறுவன் நீருக்குள் மூழ்கி மூழ்கித் தேடினான். தந்தையார் கேட்டபொழுது அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். தண்டனையை எதிர்பார்த்து நின்றான். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, போனவை போகட்டும், ஆற்றில் மீன் நிறைய உண்டு, நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்ற கருத்துப்படச் சொல்லி முடித்தார். அவ்வளவே நிகழ்ந்தது. பெரிய பெரிய அரச விழாக்களைக் கண்ட ஒருவர், அரை நூற்றாண்டுக்குப் பின்பும் அந்த மாலைப்பொழுதை மறவாமல் எழுதிவைத்திருக்கின்றார் எனின், அந்தச் சில சொற்களின் எடையை நாம் உணரலாம்.

அன்று அத்தந்தை சினந்து கடிந்திருப்பின், அது நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால், சிறுவன் ஆற்றை நினைக்குந்தோறும் அந்தக் கடிந்துரையையே நினைத்திருப்பான். தந்தை மீனை விட்டுக்கொடுத்தார். மகனுக்கு ஆறு கிடைத்தது. 1953ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தபொழுது, காட்டர் கடற்படைப் பதவியைத் துறந்து பிளெயின்ஸ் ஊருக்கே திரும்பினார், பண்ணையை நடத்தினார். மனைவியார் ரோசலினும் பின்னாளில் தூண்டிலைக் கற்றுக் கணவருக்கு இணையாக ஆறுகளில் இறங்கினார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன் சென்றனர். 2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் நூறு வயது நிரம்பியவராய் அவர் மறைந்தபொழுது, அவருடைய விருப்பங்களுள் ஒன்றாக உலகப் பத்திரிகைகள் தூண்டிலையும் குறிப்பிட்டன.

இங்கு இன்னொரு செய்தியையும் கருத வேண்டும். ஆற்றில் மீன் நிறைய உண்டு என்று ஒரு தந்தை மகனைத் தேற்றலாம். ஆனால், அச்சொல் உண்மையாக இருப்பது எப்பொழுது? ஆறு இருக்கும்பொழுது; அதில் மீனும் இருக்கும்பொழுது. ஆறு கெட்டுவிடின் அச்சொல் வெறும் ஆறுதலாகிவிடும். பெரியவரின் பொறுமை ஒரு பாதி. நீர்நிலையின் பாதுகாப்பு மறுபாதி. இரண்டில் ஒன்று இல்லையெனினும் முதுசொம் கைமாறாது.

காட்டர் ஆளுநராக இருந்தபொழுது இந்த மறுபாதி அவர் மேசைக்கே வந்தது. ஜோர்ஜியாவின் பிளின்ற் ஆற்றிலே, ஸ்பிறுவெல் பிளவ் என்னுமிடத்தில் ஓர் அணை கட்டுவதற்கு இராணுவப் பொறியியற் படை திட்டமிட்டிருந்தது. அரசியல்வாதிகள் பலர் ஆதரித்த திட்டம் அது. பொறியியற் பயிற்சி பெற்றவராகிய காட்டர் திட்ட அறிக்கையைத் தாமே படித்தார். ஆற்றில் வள்ளத்திற் சென்று நேரிற் பார்த்தார். அணையால் வரும் நன்மைகள் மிகைப்படுத்திக் கணக்கிடப்பட்டுள்ளன என்ற முடிவுக்கு வந்து, 1973ஆம் ஆண்டில் அத்திட்டத்தை நிராகரித்தார். பிளின்ற் ஆறு அந்தப் பகுதியில் இன்றும் தடையின்றி ஓடுகின்றது.

அணை என்றாலே தீமை என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. கிராப்பியின் வரலாறே அதற்கு மறுமொழி கூறும். 1933ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை, வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் பெறவும் அணைகளை எழுப்பியது. அவற்றுள் ஒன்றான கென்ரக்கி அணை 1944ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதனால் உண்டான கென்ரக்கி ஏரி 184 மைல் நீளமுடையது. நீரில் மூழ்கிய மரங்களும் புதர்களும் கிராப்பிக்கு உறைவிடமாயின. அந்த ஏரி இன்று கிராப்பிக்குப் பெயர்பெற்றது. ஆனால், அந்த அதிகாரசபையின் அணைகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் வீட்டையும் வயலையும் முன்னோரின் கல்லறைகளையும் விட்டுப் பெயர்ந்தன என்பதும் உண்மை. ஓரிடத்து மக்கள் இழந்த நிலத்தின்மேல் மற்றொரு தலைமுறை மீன்பிடிக்கின்றது. இயற்கையே செய்த ஏரியும் உண்டு. ரெனசி மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள றீல்பூட் ஏரி, 1811, 1812ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் பூமியதிர்ச்சிகளால் நிலம் தாழ்ந்து உண்டானது. அங்கே நீருக்குள் நிற்கும் சைப்பிரசு மரங்களின் அடிக்கட்டைகளுக்கிடையிலும் கிராப்பி வாழ்கின்றது.

இத்தகைய நீருக்கடியில் எந்த மரம் எங்கே கிடக்கின்றது என்னும் அறிவே கிராப்பிக்காரரின் மறைமுதல். கோடையில் கரையை விட்டு ஆழத்துக்குச் செல்லும் மீன்கள் அம்மரங்களையே சார்ந்து நிற்கும். கரையிலுள்ள ஒரு மரத்தையும் ஒரு கூரையையும் நேர்கோட்டில் வைத்து, நீருக்குள் மறைந்த இடத்தைக் கணித்து வைத்திருப்பர். அந்த இடத்தை அயலாருக்குச் சொல்லமாட்டார்கள், பேரனுக்குச் சொல்வார்கள். மூழ்கிய மரங்கள் காலப்போக்கில் உக்கிப்போவன. ஆகவே, புதிய மரக்கிளைகளைக் கட்டிக் கல்வைத்து இறக்குவர். நத்தார் முடிந்தபின் வீடுகளிலிருந்து கழிக்கப்படும் மரங்களைத் திரட்டி ஏரிகளில் இறக்கும் வேலையைப் பல மாநிலங்களின் மீன்வளத் திணைக்களங்களும் செய்கின்றன. இன்று இறக்கும் மரத்தில் நாளையே மீன் கிடைக்கும் என்பதில்லை. தாம் முழுப்பயனையும் காணாவிடினும் பின்வருவோர் காண்பர் என்று செய்யும் வேலை அது. வடலி நடுபவரின் மனமும் அத்தகையதே.

தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் இதற்குப் போதாது. சட்டத்தின் துணையும் வேண்டும். 1950ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றியது. மிச்சிகனைச் சேர்ந்த டிங்கெல், கொலராடோவைச் சேர்ந்த ஜோன்சன் ஆகிய இருவரின் பெயரால் அது அழைக்கப்படுகின்றது. அச்சட்டப்படி தூண்டிற்கோல், சுருள், முள் முதலிய பொருட்களின்மீது உற்பத்தியாளரிடம் வரி அறவிடப்படுகின்றது. அது பொதுவாக நூற்றுக்குப் பத்து வீதம். அப்பணம் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு, மீன்வளத்தைப் பேணவும், நீர்நிலைகளுக்கு வழி அமைக்கவும், ஆராய்ச்சி செய்யவும் செலவாகின்றது. 1984ஆம் ஆண்டில் படகு எரிபொருளின் வரியும் இதனுடன் சேர்க்கப்பட்டது. மாநிலத்துக்குரிய பங்கைக் கணிக்கும் முறை கருத்திற்கொள்ளத்தக்கது. நூற்றுக்கு நாற்பது பங்கு பரப்பளவைப் பொறுத்தது. அறுபது பங்கு அம்மாநிலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றுத் தூண்டிலிடுவோரின் தொகையைப் பொறுத்தது.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குக. பிள்ளைகள் தூண்டிலை விட்டு விலகிவிடின், சில ஆண்டுகளில் அனுமதிப்பத்திரம் பெறுவோர் குறைவர். அவர்கள் குறைந்தால் ஏரிக்கு வரும் பணம் குறையும். பணம் குறைந்தால் ஏரியைப் பேணும் கையும் குறையும். ஆகவே, ஒரு பாட்டனார் பேத்தியைக் கரைக்கு அழைத்துச் செல்லுதல் அவர்களிருவருக்கும் மட்டும் உரிய இன்பம் அன்று. அந்த நீருக்கும் அது வேண்டப்படுவதாகும். இதனை அறிந்தே பல மாநிலங்கள் சிறுவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டா என விலக்களித்துள்ளன. ஜூன் மாத முற்பகுதியில், வளர்ந்தோரும் அனுமதிப்பத்திரமின்றி மீன்பிடிக்கக்கூடிய நாட்களைப் பல மாநிலங்கள் ஒதுக்குகின்றன. இதுவரை தூண்டிலைத் தொடாதவரும் அன்று ஒரு பிள்ளையை அழைத்து வரட்டும் என்பதே அதன் நோக்கம்.

இக்காலத்திலே இப்பழக்கத்துக்குப் புதியதொரு சோதனை நேர்ந்துள்ளது. படகின் முன்னே நீருக்குள் நிற்கும் மீன்களை, அவை அசையும்பொழுதே திரையிற் காட்டும் ஒலியலைக் கருவிகள் அண்மை ஆண்டுகளில் பெருவழக்காகிவிட்டன. கிராப்பி கூட்டமாக நிற்கும் மீனாதலால் இக்கருவிக்கு எளிதில் இலக்காகின்றது. இதனால் மீன்வளம் குன்றுமா, பிடிக்கும் அளவைக் குறைக்க வேண்டுமா என்னும் வாதம் பல மாநிலங்களில் நடைபெறுகின்றது. கணக்கை அறிஞர் ஆராய்ந்து முடிவு செய்வர். ஆனால், கணக்குக்கு அப்பாலும் ஒன்று உண்டு. திரையிலே மீனைக் கண்டு பிடிப்பவர் அதிக மீன் பிடிக்கலாம். அவரருகே இருக்கும் பிள்ளைக்கோ நோக்குவதற்கு மிதப்பு இல்லை. வீட்டிலும் திரை, படகிலும் திரை என்றால், ஏரிக்கு வந்ததன் வேறுபாடு அப்பிள்ளைக்கு எவ்வாறு புரியும்? மறுபுறத்தில், கண்பார்வை மங்கிய முதியவருக்கு அக்கருவியே மீண்டும் மீன்பிடிக்கும் வாய்ப்பைக் கொடுக்கின்றது என்பாரும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. கருவி எதுவாயினும், படகிலுள்ள பெரியவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கின்றாரா, மீனை மட்டும் பார்க்கின்றாரா என்பதே கேள்வி.

நேயர்களே, தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பெரும்பாலும் தீய பழக்கத்தைக் கண்டிக்கும்பொழுதே நாம் அதனைக் கூறுகின்றோம். நல்ல விருப்பத்துக்கும் அது பொருந்தும். ஒரு பிள்ளையின் உள்ளத்தில் விருப்பம் வேரூன்றுவதற்கு வேண்டியவை சிலவே. உடன் வருவதற்கு ஒரு பெரியவர். அவசரமில்லாத ஒரு பொழுது. சிறிய கைக்கும் எட்டும் ஒரு வெற்றி. பிழை நேர்ந்தபொழுது அதனைப் பொறுக்கும் ஒரு சொல். இவற்றோடு, அப்பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையை அழைத்து வரும் நாளிலும் அந்த இடம் கெடாமல் இருக்கவேண்டும்.

இது கிராப்பிக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்தையோ, வீணையையோ, நூலையோ, கடலையோ வாழ்நாள் முழுவதும் விரும்பி வந்தவர்கள் நம்மிடையேயும் பலர் உளர். தம் விருப்பம் தம்மோடு முடிந்துவிடுமோ என்று அவர்களுட் சிலர் கவலைப்படுகின்றனர். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றிலும் பற்றில்லை என்று குறை கூறுவோரும் உண்டு. அவர்கள் பிள்ளைக்குப் புத்திமதி கூறுவதற்கு முன், ஒருநாள் தம் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் நூற்சிக்கலை அவிழ்த்துக் கொடுக்கட்டும். அன்று மீன் குறைவாகவே கிடைக்கும். அதனாற் பெரிய நட்டம் ஒன்றுமில்லை.